கேரவனின் பொருளறைகள்: ஒரு தோட்டத்து ஸ்டோர் கிராணியின் கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டின் பக்கவாட்டில் நிற்கும் கேரவனை, அதாவது காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் தங்கும் வண்டியை, பார்க்க வருகிறவர்கள், படுக்கை எத்தனை பேருக்கு, அடுப்பு எங்கே, கழிப்பறை உண்டா என்றுதான் விசாரிக்கிறார்கள். பொருள்களை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் அந்த வண்டியில் நான்கு நாள் தங்குகிறவனுக்குக் காலையிலிருந்து இரவு வரை முன்னால் வந்து நிற்கும் கேள்வி அதுதான்.

ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறிய ஒரு தோட்டத்தில் ஸ்டோர் கிராணியாக, அதாவது கிடங்குக் கணக்கராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உர மூட்டை, அறுவடை அரிவாள், கையுறை, மின்விளக்கு என்று எல்லாவற்றுக்கும் ஓர் இடம், ஓர் அட்டை, ஒரு கையெழுத்து என்று பழகிய மனம். அந்தப் பழக்கம் கேரவனில் பாதி வேலைக்குத்தான் உதவுகிறது. ஸ்டோரில் பொருள்களை இனம் பார்த்து அடுக்குவோம். நகராத கட்டடத்தில் அது சரியான முறை. சக்கரத்தின் மேல் நிற்கும் ஓர் அறையில் இனம் மூன்றாவதாகத்தான் வரும். முதலில் பார்க்க வேண்டியது எடை. அடுத்தது, அந்தப் பொருளை எந்த வேளையில், எந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு எடுக்கப் போகிறோம் என்பது. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்த பிறகு தட்டோடு தட்டையும் துணியோடு துணியையும் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

எங்களுடையது பிரிட்டனில் செய்யப்பட்ட, ஒற்றை அச்சுடைய பழைய கேரவன். காரோடு பூட்டும் முன்முனைக்குப் பின்னால் எரிவாயுத் தோம்புக்கான (சிலிண்டருக்கான) வெளியறை, இருக்கைகளுக்கும் கட்டிலுக்கும் அடியில் பெட்டிகள், சன்னல்களுக்கு மேலே நீளமாக ஓடும் மேலலமாரிகள், சமையல் மேடையின் கீழே லாச்சிகள் (இழுப்பறைகள்), வெளியிலிருந்து திறக்கும் சிறு கதவுகள் என்பதுதான் இவ்வகை வண்டிகளின் பொது அமைப்பு. அமெரிக்க டிரெய்லர்கள் பலவற்றில் முன்பக்கம் வண்டியின் முழு அகலத்துக்கும் குறுக்காக ஓடி, இரு பக்கமும் கதவு வைத்த பெரிய அறை ஒன்று உண்டு. மீன்பிடிக் கம்பையும் மடக்கு நாற்காலியையும் நீளவாட்டில் செருகிவிடலாம் என்பதால் அதைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதுண்டு. ஆனால் அத்தனை பெரிய அறை கைவசம் இருந்தால் அதை நிரப்பாமல் இருக்க மனிதரால் முடியாது என்பதும், நிரப்பிய எடை முழுவதும் முன்முனையில்தான் விழும் என்பதும் அதன் மறுபக்கம்.

எடையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வண்டியின் தகட்டில் குறிக்கப்பட்ட உச்ச எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் நாம் ஏற்றத் தகுந்த அளவு. அந்த எண் பெரும்பாலும் நாம் நினைப்பதைவிடச் சிறியதாகவே இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே 40 லிட்டர் தண்ணீரை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு புறப்பட்டால் அதிலேயே 40 கிலோ போய்விடுகிறது. இங்கே வீடுகளில் புழங்கும் எரிவாயுத் தோம்பில் 14 கிலோ வாயு இருக்கிறது. இரும்பின் எடையையும் சேர்த்தால் நிரம்பிய தோம்பு முப்பது கிலோவை நெருங்கும். பிறகு கூடாரத் துணி, மடக்கு மேசை, பத்துக் கிலோ அரிசி, தகர உணவுகள் என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும். செம்பனை ஆலை இருக்கும் ஊரில் எடைப்பாலத்துக்குப் பஞ்சமில்லை. தெரிந்தவர் மூலம் கேட்டு, பொருள்களை ஏற்றிய நிலையிலேயே கேரவனை ஒருமுறை ஆலையின் எடைப்பாலத்தில் நிறுத்திப் பார்ப்பது, வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாகக் கூட்டிக்கொண்டிருப்பதைவிட நம்பகமானது.

மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும், அது எங்கே உட்காருகிறது என்பதில்தான் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. முன்முனை காரின் கொக்கியை அழுத்தும் எடை, ஏற்றிய கேரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 விழுக்காடாக இருக்க வேண்டும் என்பது பிரிட்டனில் வழங்கும் பொது விதி. 1,200 கிலோ வண்டிக்கு அது 60 முதல் 84 கிலோ. அமெரிக்க டிரெய்லர்களுக்கு 10 முதல் 15 விழுக்காடு என்று சொல்வார்கள். ஆகவே இணையத்தில் படிக்கும் அறிவுரை எந்த நாட்டு வண்டிக்கானது என்று பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டுக்கும் மேலாக, இழுக்கும் காரின் கொக்கிக்கும் தனி வரம்பு உண்டு. அதைத் தாண்டக் கூடாது. இந்த எடையை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கேரவனைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உடல் எடை பார்க்கும் சாதாரண இயந்திரத்தின் மேல் தகுந்த உயரமுள்ள ஒரு மரத்துண்டை நிறுத்தி, அதன் மேல் முன்முனையைத் தாங்கவிட்டால் எண் தெரிந்துவிடும்.

முன்முனையில் எடை குறைந்து பின்புறம் கனத்தால், வேகம் கூடும்போது வண்டி இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். பேருந்தோ லாரியோ பக்கத்தில் கடந்து செல்லும் காற்று, இறக்கம், திடீர்த் திருப்பம் இவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஈப்போவுக்கும் கோலா கங்சாருக்கும் இடையில், மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய ஏற்ற இறக்கங்களில் கனரக லாரிகளோடு சேர்ந்து ஓட்டியவர்களுக்கு இதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முன்னால் 50 கிலோ, பின்னால் 50 கிலோ என்று இரு கோடியிலும் வைத்துச் சமன் செய்துவிட்டேன் என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். முன்முனை எடை அப்போது சரியாகவே காட்டும். ஆனால் கோடிகளில் இருக்கும் எடை, ஆட்டம் ஒன்று தொடங்கிவிட்டால் அதை அடங்கவிடாமல் நீட்டிக்கும். ஆகவே கனமானவை எல்லாம் அச்சின் மேலோ அதற்குச் சற்று முன்னாலோ, தரையோடு தரையாக இருக்க வேண்டும். மேலலமாரிகளும் பின்கோடியும் துண்டு, தலையணை உறை, ரொட்டிப் பொட்டலம் போன்றவற்றுக்கு உரியவை.

எங்கள் வண்டியில் அச்சுக்கு நேர்மேலே இடப்பக்க இருக்கைப் பெட்டி வருகிறது. அரிசி, தகர உணவுகள், எண்ணெய், சுத்தியல் முதலிய கருவிகள் எல்லாம் அதில்தான். என் துணைவியார் சம்பல் இடிக்கும் கல்லுரலை விட்டுவிட்டு எங்கும் வர மாட்டார். அரைக்கும் மின்கருவி ஒன்று வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். “உங்க ஸ்டோர் கணக்கை என் உரல்கிட்ட காட்டாதீங்க” என்று பதில் வந்தது. அது இப்போது ரப்பர் விரிப்புச் சுற்றி, அதே பெட்டியின் அடித்தட்டில், சக்கர வளைவுக்கும் சட்டத்துக்கும் இடையே நகராமல் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் வேறில்லை என்றே சொல்லலாம்.

அடுத்தது எடுக்கும் வேளை. நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் வெடித்து நிற்கும்போது நமக்கு வேண்டியவை எச்சரிக்கை முக்கோணம், ஜாக்கி, சக்கரக் கட்டை, கைவிளக்கு, மழைச்சட்டை. நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். வண்டியை ஓரம் கட்டினால் வலப்பக்கம் முழுவதும் ஓடும் வாகனங்களுக்கு அருகில் இருக்கும். ஆகவே இவை அனைத்தும் இடப்பக்கத்து வெளிக்கதவு வழியாக எடுக்கக் கூடியவையாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான் போன்ற இடப்பக்கம் ஓட்டும் நாடுகளின் வண்டிகளில் ஏறும் கதவும் பொதுவாக இடப்பக்கமே இருப்பதால் சிக்கலில்லை. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்தவற்றில் கதவு வலப்பக்கம் இருக்கும்; அப்படிப்பட்ட வண்டியை இங்கே வைத்திருப்பவர், அவசரப் பொருள்களைத் தம் காரின் பின்புறத்திலேயே வைத்துக்கொள்வது உத்தமம்.

முகாமிடம் வந்து சேர்ந்ததும் செய்யும் வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. சக்கரக் கட்டை, மட்டக் கட்டை, ரசமட்டம் பார்த்தல், மூலைக் கால்களைச் சுழற்றி இறக்கும் கைப்பிடி, மின்கம்பி, தண்ணீர்க் குழாய் என்று அது செல்லும். பேராக்கில் பிற்பகல் மழை நேரம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆகவே இவ்வளவையும் கேரவனுக்குள் ஏறாமல், செருப்பில் ஒட்டிய சேற்றை உள்ளே கொண்டுபோகாமல் எடுக்க முடிய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வெளியறையில் வைத்து, முதலில் தேவைப்படுவதைக் கடைசியாக உள்ளே வைப்பதுதான் முறை. புறப்படும்போது இவ்வரிசை தலைகீழாகிறது. நனைந்த மின்கம்பியும் குழாயும் முதலில் உள்ளே போகும். சக்கரக் கட்டை கடைசியில்தான் வரும். தோட்டத்தில் ஆள்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு முன் ஸ்டோரைத் திறந்து, ஆள்கள் வரிசையில் வந்து வாங்கும் முறைக்கேற்பக் கருவிகளை எடுத்து வைப்போம். கேரவனில் என் பழைய வேலை பயன்பட்டது இந்த ஓர் அறையில்தான்.

எரிவாயு அறையைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதைப் பொதுவான பொருளறையாகக் கருதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழும்பிப் போகாது, தரையில் தேங்கும். அதனால்தான் அந்த அறையின் அடியில் காற்றுத் துளைகள் வைத்திருக்கிறார்கள், வண்டியின் உட்புறத்தோடு அதற்குத் தொடர்பே இல்லாமல் அடைத்திருக்கிறார்கள். துளைகளின் மேல் கூடாரத் துணியை மடித்து வைத்தால் அந்த ஏற்பாடு வீணாகிவிடும். தோம்பு நிமிர்ந்தே நிற்க வேண்டும், வார் போட்டுக் கட்டியிருக்க வேண்டும், பயணத்தின்போது வால்வு மூடியிருக்க வேண்டும். தீப்பொறி எழக்கூடிய மின்கருவி எதையும் அதனுள் வைக்கக் கூடாது. டுரியான் பருவத்தில் பழத்தை எந்த அறையில் கொண்டுவருவது என்று எங்கள் வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் வாக்குவாதம் நடக்கும். உள்ளே வைத்தால் மெத்தை ஒரு வாரத்துக்கு மணக்கும், எரிவாயு அறையில் வைத்தால் கசிவு ஏற்பட்டாலும் மூக்குக்குத் தெரியாமல் போகலாம். அதை வாங்கிய இடத்திலேயே தின்றுவிட வேண்டும் என்பது என் தீர்ப்பு. பேரப்பிள்ளைகள் அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இருக்கைப் பெட்டிகளின் உண்மையான குறை அவற்றின் கொள்ளளவில் இல்லை, திறக்கும் விதத்தில் இருக்கிறது. மேலே மெத்தை, மெத்தையின் மேல் ஆள். ஒரு கிண்ணம் எடுக்க நாலு பேரை எழுப்ப வேண்டியிருக்கும். ஆகவே ஒரு நாளில் பலமுறை தேவைப்படுவது எதுவும் மேல்வழியாக மட்டுமே திறக்கும் பெட்டியில் இருக்கக் கூடாது. பல வண்டிகளில் இருக்கையின் முன்முகத்திலும் சிறு கதவு இருக்கும். இல்லாத இடத்தில் ஒரு நல்ல தச்சரைக் கொண்டு வெட்டிப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் இருக்கையைத் தாங்கும் சட்டத்தையோ உள்ளே ஓடும் கம்பிகளையோ தொடாமல் வெட்ட வேண்டும். இரவில் தேவைப்படக் கூடியவை, அதாவது மருந்துப் பை, கைவிளக்கு, குழந்தையின் மாற்றுடை, கொசுவத்தி ஆகியவை ஒருவர் படுத்திருக்கும் கட்டிலின் கீழே போகவே கூடாது. அவற்றுக்கு ஏறும் கதவின் பக்கத்தில் ஒரு சிறு அலமாரியை ஒதுக்கியிருக்கிறோம். ஃபியூஸ் பெட்டியும் தண்ணீர்ப் பம்பும் இருக்கைப் பெட்டி ஒன்றின் உள்ளே இருந்தால், அவற்றின் முன்னே கை நுழையும் அளவுக்காவது இடம் விட்டே தீர வேண்டும். நள்ளிரவில் விளக்கு அணைந்தபின் அரிசி மூட்டையை இருட்டில் தடவி நகர்த்துவது எவருக்கும் பிடித்த வேலையன்று.

பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கும்போது பொருளறையின் உள்ளளவைப் பார்த்து வாங்குவது வழக்கம். அளக்க வேண்டியது வாசலை. உள்ளே 50 சென்டிமீட்டர் அகலம் இருந்தாலும் கதவின் வாய் 38 சென்டிமீட்டர் என்றால், 40 சென்டிமீட்டர் பெட்டி கடைக்குத்தான் திரும்பிப் போகும். சக்கர வளைவு, குழாய் வளைவு, கதவின் கீல் ஆகியவையும் இடத்தைத் தின்னும். மூடி போட்ட கெட்டியான பெட்டிகள் தகர உணவுக்கும் கருவிகளுக்கும் நல்லவை. துணிகளுக்கு மெல்லிய துணிப்பைகளே மேல், ஏனெனில் அவை மூலை முடுக்குகளில் தம்மைச் சரிசெய்துகொள்ளும், காலியானால் மடங்கிவிடும். கழிப்பறைக்கான இரசாயன நீரும் மண்ணெண்ணெயும் உணவுப் பெட்டியின் பக்கத்திலேயே வரக் கூடாது. களைக்கொல்லியையும் அரிசியையும் ஒரே கூரையின் கீழ் வைக்க விடாத தோட்டத்து விதி இங்கும் அப்படியே பொருந்தும்.

லாச்சிகளும் அலமாரிக் கதவுகளும் எந்தத் திசையில் திறக்கின்றன என்பதைப் புறப்படும் முன் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். பிரேக் போட்டால் பொருள்கள் முன்னோக்கித் தள்ளும், மேட்டில் ஏறும்போது பின்னோக்கி, வளைவுகளில் பக்கவாட்டில். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலை, தாப்பா வழியைவிட அகலமானது என்றாலும், அதன் வளைவுகளில் பக்கவாட்டில் திறக்கும் லாச்சி எதுவும் சும்மா இருக்காது. காந்தத்தால் மட்டும் ஒட்டிக்கொள்ளும் கதவுகள் நின்றிருக்கும் வீட்டுக்குத்தான் ஏற்றவை. ஓடும் வண்டிக்கு அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பொத்தான் பூட்டு வேண்டும். உள்ளே வழுக்காத ரப்பர் விரிப்பு போட்டு, மசாலைத் தூள்களைத் திருகுமூடி டப்பாக்களில் வைத்து, கண்ணாடிக்குப் பதில் மெலமைன் தட்டுகளை எடுத்துக்கொண்டால் பெரும்பாலான சேதம் தவிர்ந்துவிடும். வந்து சேர்ந்தபின் மேலலமாரியைத் திறக்கும்போது ஒரு கை கதவிலும் மறு கை அதன் கீழேயும் இருக்கட்டும். சாய்ந்து நிற்கும் மைலோ தகரம் அதற்காகவே காத்திருக்கும்.

இனி இந்த மண்ணுக்கே உரிய தொல்லைகள். நம் காற்றின் ஈரப்பதம் பல நாள்களில் 80 விழுக்காட்டைத் தொடுகிறது. மூடிய பொருளறையில் அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பூசணமாக மாறும். ஈரம் உறிஞ்சும் டப்பாக்களை மூலைக்கு ஒன்றாக வைக்கலாம். ஆனால் கேரவன் வீட்டில் நிற்கும் நாள்களில் எல்லா உட்கதவுகளையும் திறந்துவிட்டு, மெத்தைகளைச் சுவரோரம் நிமிர்த்தி வைப்பது அதைவிடப் பெரிய பலன் தரும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் சுவருக்குள் மரச்சட்டம் இருப்பதால், வெளிக்கதவின் ரப்பர் வழியாக நுழையும் சிறு கசிவும் காலப்போக்கில் மரத்தை இற்றுப்போகச் செய்யும். பொருளறையின் மூலைகளைக் கையால் அழுத்திப் பார்ப்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். மெத்தென்று உள்வாங்கினால் அங்கே தண்ணீர் வந்திருக்கிறது என்று பொருள்.

தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓட்டினால் புழுதி எப்படியும் உள்ளே வரும். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் புழுதி அங்கேதான் சுழன்று ஒட்டும்; பின்பக்க வெளிக்கதவின் ரப்பரைத் துடைத்துச் சிலிக்கோன் தடவி வைப்பது உதவும், சப்பையாகிப்போன ரப்பரை மாற்றிவிடுவதே சரி. எலியின் கதை வேறு. செம்பனைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு எலியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அதைக் கட்டுப்படுத்தத்தான் நம் தோட்டங்களில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியமர்த்துகிறார்கள். ஆனால் கேரவனின் தரையில் குழாயும் கம்பியும் நுழையும் துளைகளுக்குள் கூகை வராது. அவற்றை இரும்புக் கம்பளியால் இறுக அடைத்து, வீடு திரும்பிய அன்றே உணவுப் பொருள்கள் அனைத்தையும் இறக்கிவிட வேண்டும். பிஸ்கட் துணுக்குகூட மிஞ்சக் கூடாது, ஏனெனில் உணவைத் தேடி வரும் எலி, போகும்போது மின்கம்பியையும் கடித்துவிட்டுத்தான் போகும்.

ஒவ்வொரு பொருளறைக்கும் ஓர் எண் கொடுத்து, கதவின் உட்புறத்தில் ஸ்டோர் அட்டை போலவே ஒரு சிறு பட்டியல் ஒட்டியிருக்கிறேன். பொருளின் பெயர், எண்ணிக்கை, கிலோ என மூன்று கட்டங்கள். எடைக் கட்டத்தைக் கூட்டினால் அந்த அறையின் சுமை தெரியும். ஒரு பொருளை வேறு அறைக்கு மாற்றினால் அங்கேயும் இங்கேயும் திருத்துவேன். இதை என் மக்கள் கேலி செய்வார்கள், ஆனால் திறப்பான் எங்கே என்று கேட்பதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒரு பயணம் முழுவதும் தொடாத பொருளின் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் போன்றவற்றைத் தவிர, புள்ளி சேர்ந்துகொண்டே போகும் எதுவும் அடுத்த முறை வீட்டில் இறங்கிவிடும்.

கடைசியாகப் பூட்டு. அமெரிக்க டிரெய்லர்கள் பலவற்றின் வெளியறைக் கதவுகளுக்கு சிஎச்751 என்ற ஒரே எண்ணுடைய சாவிதான் வருகிறது. ஒருவருடைய சாவி அடுத்தவருடைய வண்டியையும் திறக்கும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த செய்தி. நம்முடையது எந்த நாட்டு வண்டியாக இருந்தாலும், வெளியறையில் விலையுள்ள கருவிகளை வைப்பவர் உருளைப் பூட்டை மாற்றிவிடலாம். பழைய பூட்டின் உருளை நீளத்தையும், உள்ளே திரும்பும் தகட்டின் நீளத்தையும், அது நேரானதா வளைந்ததா என்பதையும் பார்த்துக்கொண்டு பூட்டுக் கடைக்குப் போனால் ஒரே நடையில் வேலை முடியும். எல்லாக் கதவுகளுக்கும் ஒரே சாவி பொருந்தும்படி ஒரு தொகுதியாகவே வாங்குங்கள். மாற்றுச் சாவி காரில் இருக்க வேண்டும், கேரவனுக்குள் அன்று.